காவடி வீடியோவில் முகம் கறுக்கிறது, துணி எரிகிறது: வெளிச்சத்தையும் நிறத்தையும் எப்படிச் சமன்படுத்துவது?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் இருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. தைப்பூசத்துக்கு அவருடைய மாமா காவடி எடுத்தார். ஆற்றங்கரைப் பூசை தொடங்கி, கோவிலில் பால் அபிஷேகம் முடியும்வரை இவர் கேமராவிலும் அக்கா ஐபோனிலும் படம் பிடித்திருக்கிறார்கள். எடிட்டிங்கில் உட்கார்ந்து பார்த்தால் ஒரே ஷாட்டுக்குள் வெளிச்சம் ஏறி இறங்குகிறது. நிறம் ஒரு சமயம் பச்சைப் பக்கமும் ஒரு சமயம் சிவப்புப் பக்கமும் சாய்கிறது. காவடிக்காரர்களின் அடர் ரோஸ் துணி மடிப்பே தெரியாமல் பெயின்ட் பூசிய மாதிரி இருக்கிறது. இரண்டு கேமராவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. காசு கொடுத்து வாங்கிய லட் ஃபைல் (படத்துக்கு ஒரு நிறத் தோற்றத்தை மொத்தமாக ஏற்றும் ஃபைல்) ஒன்றைப் போட்டுப் பார்த்ததும் இன்னும் மோசம். கையில் இருப்பது டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பு. எங்கிருந்து தொடங்குவது என்கிறார்.

தம்பி, முதலில் ரிசால்வில் ஸ்கோப்புகளை, அதாவது படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் வரைபடமாகக் காட்டும் பெட்டிகளைத் திறந்து வையுங்கள். உங்கள் கண்ணை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ரோஸ் துணி நிறைந்த ஃபிரேமைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாலே கண் அதற்குப் பழகிவிடும். பிறகு சரியாக இருக்கும் முகம்கூடப் பச்சையாகத் தெரியும். அதை நம்பி நீங்கள் சிவப்பை ஏற்றுவீர்கள். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் மாமாவுக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். போன், லேப்டாப் திரைகளில் இரவு நேரத்தில் தானாக மஞ்சளடிக்கும் வசதியும், அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையை மாற்றும் வசதியும் இருக்கும். இரண்டையும் அணைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

இனி நிறம் ஏன் இப்படி அலைகிறது என்று பார்ப்போம். இதன் காரணம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எது வெள்ளை என்று கேமரா தானாகக் கணிக்கும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸுக்கு அடிப்படையான பழைய கணக்கு ஒன்று உண்டு: ஒரு ஃபிரேமில் உள்ள எல்லா நிறங்களையும் கலந்து சராசரி எடுத்தால் சாம்பல் வர வேண்டும் என்பது. இன்றைய கேமராக்கள் இதைவிடப் புத்திசாலிகள்தான். ஆனாலும் அந்தப் பழக்கம் அடியோடு போகவில்லை. ஃபிரேம் முழுக்க ரோஸ் துணி நிறைந்தால் கேமரா அதை வெளிச்சத்தின் குற்றமாக நினைத்து எதிர்ப்பக்கம், அதாவது பச்சைப் பக்கம் தள்ளும். அதே ஊர்வலம் கரும்புத் தோட்டத்தை ஒட்டிப் போகும்போது பின்னணி முழுக்கப் பச்சை. இப்போது கேமரா மஜந்தா பக்கம் தள்ளும். நடந்துகொண்டே எடுத்திருக்கிறீர்கள், அதனால் ஒரே ஷாட்டில் இரண்டும் நடந்திருக்கிறது. ஆட்டோ எக்ஸ்போஷரும் இதே ரகம்தான். வானம் ஃபிரேமுக்குள் வந்தால் மொத்தத்தையும் இருட்டாக்கும், இலைக் காவடி நெருங்கி வந்தால் மொத்தத்தையும் வெளுப்பாக்கும்.

சாஃப்ட்வேரில் இருக்கும் ஆட்டோ கலர் பட்டனை அமுக்கி இதைச் சரிசெய்ய முடியாததற்கும் காரணம் இதுதான். ரோஸ் நிறைந்த ஷாட்டில் அந்தப் பட்டனும் கேமரா செய்த அதே தப்பை இன்னொரு தடவை செய்யும். கல்யாண ரிசப்ஷன் மாதிரி பல நிறம் கலந்த ஷாட்டுக்கு அது ஓரளவு உதவும். காவடிக்கு உதவாது.

வரிசை முக்கியம். முதலில் கலர் ஸ்பேஸ் (நிறமும் வெளிச்சமும் எந்த அளவுகோலில் பதிவாகியிருக்கிறது என்பது), அடுத்து வெளிச்சம், அதன் பிறகு வெள்ளை, கடைசியில் நிறத்தின் அடர்த்தி. இதை மாற்றிச் செய்தால் ஒவ்வொரு திருத்தமும் முந்தைய திருத்தத்தைக் கலைக்கும். வெளிச்சத்தைக் கூட்டினால் நிறத்தின் அடர்த்தியும் மாறித் தெரியும் என்பதால், அடர்த்தியை முதலில் சரிசெய்கிறவர் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

கலர் ஸ்பேஸ் பிரச்சினை அக்காவின் ஐபோனில் இருக்கிறது. 2020ல் வந்த ஐபோன் 12 முதல் அந்தப் போன்கள் டால்பி விஷன் எச்டிஆரில், அதாவது வெளிச்ச வீச்சு அதிகமான ஒரு முறையில் பதிவு செய்கின்றன. நாமாகப் போய் அணைக்காவிட்டால் அதுதான் ஓடும். உங்கள் கேமராவோ ரெக் 709, சாதாரண டிவியின் தரம். இரண்டையும் அப்படியே ஒரே டைம்லைனில் போட்டால் போன் கிளிப் வெளிறிப்போயோ எரிந்துபோயோ தெரியும். இதை வெளிச்சக் குறை என்று நினைத்துக் கெயினை (வெளிச்சமான பகுதியை மாற்றும் சக்கரத்தை) இறக்கிப் போராடக் கூடாது. போன் கிளிப்புகளுக்கு மட்டும் முதல் நோடில் (நோடு என்பது ரிசால்வில் திருத்தங்களை வரிசையாக அடுக்கும் பெட்டி) கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் போடுங்கள். உள்ளே வருவது ரெக் 2020, காமா ரெக் 2100 எச்எல்ஜி. வெளியே போவது ரெக் 709, காமா 2.4. அதிக வெளிச்சத்தைச் சின்ன வீச்சுக்குள் அடக்கும் டோன் மேப்பிங் ஆனில் இருக்கட்டும். இதைச் செய்த உடனேயே இரண்டு கேமராவுக்கும் நடுவில் இருந்த தூரத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். தைப்பூசம் வரும் ஜனவரி கடைசி, பிப்ரவரித் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் மொரீஷியஸுக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். நாம் இருப்பது தெற்கே சுமார் 20 டிகிரியில். ஜனவரி 21 வாக்கில் சூரியனும் அங்கேதான் இருக்கிறது. நெற்றியும் மூக்கும் பளபளக்கும், கண் குழி கறுத்துக் கிடக்கும். அதற்கு மேல் காவடி வளைவின் இலை நிழல் வேறு. இந்த ஷாட்டில் எதைப் பார்த்து வெளிச்சம் வைப்பது? வானத்தையும் பார்க்காதீர்கள், வெள்ளை வேட்டியையும் பார்க்காதீர்கள். மாமாவின் கன்னத்தைப் பாருங்கள்.

வெளிச்சத்தை 0 முதல் 100 வரை உயரமாகக் காட்டும் ஸ்கோப்பான வேவ்ஃபார்மில் முகம் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று தேடினால் எல்லா இடத்திலும் 70 என்று சொல்வார்கள். அது வெளுத்த தோலை மனதில் வைத்துச் சொன்ன எண். நம் முகங்களை 70க்கு ஏற்றினால் சாம்பல் பூத்துப் போகும். மாநிறத்துக்கு வெயிலில் ஏறக்குறைய 45 முதல் 55 வரை, கறுத்த முகத்துக்கு 35 முதல் 45 வரை என்று வைத்துப் பாருங்கள். அதுவும் சட்டம் இல்லை, தொடங்க ஓர் இடம். முகம் எங்கே என்று வேவ்ஃபார்மில் கண்டுபிடிக்கத் திணறினால், கன்னத்தைச் சுற்றி ஒரு சின்ன விண்டோ (படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரிக்கும் வட்டம்) போட்டு ஹைலைட் வசதியை ஆன் செய்யுங்கள். அந்தப் பகுதி மட்டும் ஸ்கோப்பில் தெரியும்.

வேலை மூன்று சக்கரத்தில் முடியும்: கெயின் வெளிச்சமான பகுதிக்கு, காமா நடுப் பகுதிக்கு, லிஃப்ட் இருட்டான பகுதிக்கு. கெயினை இறக்கி, மேலே முட்டிக்கொண்டிருக்கும் வானத்தை 95 பக்கம் கொண்டுவாருங்கள். சில கேமராக்கள் 100க்கு மேலேயும் கொஞ்சம் தகவலைப் பதிவு செய்திருக்கும், அப்போது மேகம் திரும்பி வரும். வராவிட்டால் அது போனதுதான், விட்டுவிடுங்கள். பிறகு காமாவை ஏற்றி முகத்தை அதன் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கடைசியில் லிஃப்டைத் தொட்டு, தலைமுடியின் கறுப்பை 3, 4 அளவில் உட்கார வையுங்கள். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் கொஞ்சம் நகரும். திரும்ப ஒரு சுற்றுப் போங்கள். பித்தளைச் செம்பின் பளபளப்பு 100ல் முட்டினால் முட்டட்டும். பளபளப்பை அடக்கினால் செம்பு பிளாஸ்டிக் ஆகிவிடும்.

உங்கள் கேமரா 8 பிட்டில் பதிவு செய்திருக்கிறது. கறுப்பு முதல் வெள்ளை வரை மொத்தம் 256 படி, அதிலும் வீடியோ வழக்கமாகப் பயன்படுத்துவது 16 முதல் 235 வரை. இருட்டான ஷாட்டை ஒரு ஸ்டாப்புக்கு மேல், அதாவது வெளிச்சம் இரட்டிப்பாவதற்கும் மேல் தூக்கினால் நிழலில் புள்ளியும் வானத்தில் வரிவரியாகப் பட்டையும் வந்துவிடும். அந்த மாதிரி ஷாட்டை முழுசாக மீட்கப் பார்க்காமல், கொஞ்சம் இருட்டாகவே விட்டு ஒரு குளோஸப்பின் பக்கத்தில் வையுங்கள்.

ஷாட்டுக்குள் வெளிச்சம் ஏறி இறங்குகிற இடத்துக்குக் கீஃபிரேம் (திருத்தம் நேரத்தோடு மாறுவதற்கான குறி) போடலாம். மாற்றம் தொடங்குமுன் ஒரு கீ, முடிந்தபின் ஒரு கீ, நடுவில் தேவைப்பட்டால் இன்னொன்று. ஆனால் ஆட்டோ எக்ஸ்போஷர் ஒரே வேகத்தில் ஏறாது. விறுவிறுவென்று ஏறிக் கடைசியில் தயங்கும். நேர்கோட்டில் போகும் கீஃபிரேம் அதோடு ஒட்டாமல் ஷாட் லேசாக மூச்சு வாங்கும். எனக்குப் பிடித்த வழி எடிட்டரின் வழி: ஏறுகிற அந்த ஓரிரு நொடியில் கட் செய்து மேளக்காரரையோ எலுமிச்சம்பழ மாலையையோ காட்டிவிட்டுத் திரும்ப வாருங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சரிசெய்துகொள்ளலாம், யாருக்கும் தெரியாது.

வெள்ளைக்கு வருவோம். பலரும், எது வெள்ளை என்று சாஃப்ட்வேருக்குச் சுட்டிக்காட்டும் பிக்கரை எடுத்து மாமாவின் வேட்டியில் குத்துவார்கள். தயவுசெய்து வேண்டாம். சலவைத் தூளில் இருக்கும் வெண்மையேற்றி, வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளிவிடும். சொட்டு நீலம் போட்ட வேட்டி என்றால் கேட்கவே வேண்டாம். கேமரா அந்த வேட்டியை நீலம் கலந்த வெள்ளையாகத்தான் பதிவு செய்திருக்கும். அதை வெள்ளை என்று சாஃப்ட்வேரிடம் சொன்னால் அது நீலத்தைக் கழிக்கும், முகமெல்லாம் மஞ்சள் பூசிக்கொள்ளும். அதே வேட்டி கோவிலுக்குள் எல்இடி வெளிச்சத்தில் இப்படி நடந்துகொள்ளாது, ஏனென்றால் அங்கே புற ஊதாக் கதிர் கிடையாது என்றே சொல்லலாம். அதனால் வேட்டியை வைத்து வெளி ஷாட்டையும் உள் ஷாட்டையும் ஒப்பிடவும் முடியாது. நெற்றி விபூதியும் நம்பத்தக்கதல்ல. மெல்லிய பூச்சு, அடியில் இருக்கும் தோல் நிறம் கலந்துதான் வரும்.

நமக்கு வாய்த்தது கருங்கல். இது எரிமலைத் தீவு; மதில், படி, ஆற்றங்கரைப் பாறை என்று எங்கே பார்த்தாலும் சாம்பல் நிற எரிமலைக் கல் கிடக்கிறது. வெயில் நேராக விழுகிற, பாசி பிடிக்காத, ஈரமில்லாத கல்லாகப் பார்த்து அதில் பிக்கரை வையுங்கள். நிழலில் இருக்கும் கல் வேண்டாம். நிழலில் விழுவது வானத்தின் ஒளி, அது நீலம். காத்ர் போர்னில் கோர் தெ கார்ட் மலைக் கோவிலுக்கு ஏறுகிற வழியில் எடுத்த ஷாட்டுகள் உங்களிடம் இருந்தால் இதற்குக் கல்லுக்குப் பஞ்சமில்லை. கல் கிடைக்காத ஷாட்டில் வெயிலில் காய்ந்த தார் ரோடும் ஓரளவு உதவும்.

பிக்கர் கொடுத்ததை அப்படியே ஏற்காமல், நிறத்தின் சாயலை வட்டத்தில் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் சரிபாருங்கள். அதில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் சாய்வாக ஒரு கோடு ஓடும், தோல் நிறக் கோடு. கறுப்போ சிவப்போ மாநிறமோ, மனிதத் தோலின் சாயல் அந்தக் கோட்டை ஒட்டியேதான் விழும். ஆளுக்கு ஆள் வேறுபடுவது பெரும்பாலும் வெளிச்ச அளவும் அடர்த்தியும்தான். கன்னத்துக்கு நீங்கள் போட்ட அதே சின்ன விண்டோவை வைத்துப் பார்த்தால், மாமாவின் முகம் கோட்டிலிருந்து பச்சைப் பக்கம் விலகியிருக்கிறதா, மஜந்தா பக்கமா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கரும்புத் தோட்டத்து ஷாட்டிலும் இலைக் காவடிக்குக் கீழேயும் டெம்பரேச்சரைத் (நீலம், மஞ்சள்) தொடாமல் டின்ட்டை (பச்சை, மஜந்தா) மட்டும் நகர்த்தினாலே பெரும்பாலும் போதும். நீலத் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே எடுத்ததற்கு இரண்டும் தேவைப்படும். அங்கே நீலத்தை முழுசாகக் கழிக்கப் பார்த்தால் பந்தலுக்கு வெளியே தெரியும் தெரு ஆரஞ்சு ஆகிவிடும், ஆகவே பாதி வழியில் நிறுத்துங்கள்.

இப்போது ரோஸ் துணி. உங்கள் கேமரா ஸீப்ரா கோடு (வெளிச்சம் மிஞ்சிய இடத்தில் வரும் வரிகள்) காட்டவில்லை, வேவ்ஃபார்மிலும் எங்கும் 100ஐத் தொடவில்லை, பிறகு எப்படித் துணி எரிந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ரெக் 709ல் வெளிச்ச அளவைக் கணக்கிடும்போது மூன்று நிறத்துக்கும் சம மதிப்பு கிடையாது. பச்சைக்கு ஏறக்குறைய 71.5 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7. ரோஸ் துணியின் ஒரு புள்ளியில் சிவப்பு 255, பச்சை 30, நீலம் 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் வெளிச்ச அளவு சுமார் 87 வருகிறது, அதாவது 34 சதவீதம். சிவப்புச் சேனல் கூரையில் முட்டித் தட்டையாகிவிட்டது. வெளிச்சத்தை மட்டும் காட்டும் வேவ்ஃபார்மோ எல்லாம் நலம் என்கிறது. ஸீப்ராவும் பெரும்பாலும் இந்த வெளிச்சக் கணக்கையே பார்ப்பதால் அதுவும் வாயைத் திறக்காது. இதற்குத்தான் ஆர்ஜிபி பரேட் இருக்கிறது. மூன்று சேனலும் தனித்தனியாக நிற்கும். சிவப்பு மட்டும் மேலே கத்தரித்த மாதிரி நேர்கோடாக இருந்தால் துணி எரிந்துவிட்டது என்று பொருள்.

எரிந்ததை மீட்க முடியுமா? முழுசாக முடியாது. ஆனால் துணியின் மடிப்பு பச்சைச் சேனலில் இன்னும் உயிரோடு இருக்கும், ஏனென்றால் அது கூரையை எட்டவே இல்லை. துணியை மட்டும் விண்டோவாலும், நிறத்தை வைத்துப் பிரிக்கும் குவாலிஃபையராலும் தனியாகப் பிரியுங்கள். ஒரு சேனலில் இன்னொன்றைக் கலக்கும் ஆர்ஜிபி மிக்ஸரைத் திறந்து பிரிசர்வ் லுமினன்ஸை அணையுங்கள். சிவப்பின் வரிசையில் சிவப்பை 0.8க்கு இறக்கிப் பச்சையை 0.4 அளவு சேருங்கள். மடிப்பில் பச்சை 20லிருந்து 60 வரை ஏறி இறங்குகிறது என்றால், தட்டையாகக் கிடந்த சிவப்பிலும் இப்போது 16 படி ஏற்ற இறக்கம் வந்துவிடும். அதிகம் இல்லைதான். ஆனால் பெயின்ட் மாதிரி இருந்தது துணி மாதிரி தெரிய அது போதும். அதற்கு மேல் அந்த ரோஸின் அடர்த்தியை மட்டும் ஹியூ வெர்சஸ் சாச்சுரேஷன் வளைவில் கொஞ்சம் இறக்குங்கள். மொத்தப் படத்தின் அடர்த்தியையும் இறக்கிவிடாதீர்கள், முகம் செத்துப்போகும்.

விளிம்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உங்கள் ஃபைல் 4:2:0, அதாவது நிறத் தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதிதான், நாலு புள்ளிக்கு ஒரு நிறம். குவாலிஃபையரை இறுக்கமாகப் பிடித்தால் துணி ஓரம் கடித்த மாதிரி வரும். பிளர் கொஞ்சம் தாராளமாகக் கொடுங்கள்.

இரண்டு கேமராவையும் ஒட்ட வைக்க, இருவரும் ஒரே நேரத்தில் எடுத்த ஒரு தருணத்தைப் பிடியுங்கள். கேமரா ஷாட்டைச் சரிசெய்து ஸ்டில் எடுத்துக் கேலரியில் வையுங்கள். போன் ஷாட்டுக்கு மேல் அதை வைப் (wipe) முறையில், அதாவது திரையில் பாதிக்கு மட்டும் காட்டி, முதலில் கறுப்பும் வெள்ளையும் ஒட்டுகிறதா, அடுத்து முகம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். முகம் ஒட்டிய பிறகும் ரோஸ் ஒட்டாது. ஒன்றில் சிவப்பு கலந்தும் மற்றதில் ஊதா கலந்தும் தெரியும். சென்சாருக்குச் சென்சார் இந்த நிறத்தை வேறு மாதிரிதான் படிக்கும். அப்போது ஒரு நிறத்தின் சாயலை மட்டும் மாற்றும் ஹியூ வெர்சஸ் ஹியூ வளைவில் அந்த ஒரு நிறத்தை மட்டும் நகர்த்துங்கள். துணிக்காக முகத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

கோவிலுக்குள் எடுத்தவை தனி ரகம். எண்ணெய் விளக்கு 2000 கெல்வினுக்கும் கீழே, கூரை எல்இடி 6500 வாக்கில், வாசல் வழியாக வரும் பகல் வெளிச்சம் நடுவில். எல்லாவற்றையும் வெள்ளையாக்கக் கூடாது. தீபாராதனை மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். முகத்தைத் தோல் கோட்டுக்குக் கொஞ்சம் சூடான பக்கம் வைத்துவிட்டு மற்றதை அதன் போக்கில் விடுங்கள். மூலஸ்தானத்தைச் சுற்றி நீல அலங்கார விளக்கு எரிந்தால் ரோஸ் துணிக்கு நடந்ததே நீலச் சேனலிலும் நடந்திருக்கும். அங்கே பச்சைச் சேனலிலும் எடுக்க ஒன்றும் இருக்காது. அடர்த்தியை இறக்குவது தவிர வழியில்லை.

உள்ளே போன் கிளிப்பில் பட்டை பட்டையாக ஓடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது கலர் பிரச்சினை இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடி நொடிக்கு 100 தடவை மின்னும். ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் பட்டை விழும். அடுத்த முறை ஷட்டரை 1/50 அல்லது 1/100ல் பூட்டுங்கள். இப்போது எடுத்ததைத் திருத்த உதவும் டீஃபிளிக்கர் ரிசால்வின் காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான் இருக்கிறது. அதற்காக மட்டும் வாங்க வேண்டாம். பட்டை இல்லாத கேமரா ஷாட்டையே அந்த இடத்தில் போடுங்கள்.

லட் ஃபைல் ஏன் கெடுத்தது என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். நீங்கள் வாங்கியது லாக் ஃபுட்டேஜுக்காகச் செய்தது. லாக்கில் வெளிறிக் கிடக்கும் படத்துக்குக் கான்ட்ராஸ்டும் நிறமும் ஏற்றுவதுதான் அதன் வேலை. ஏற்கெனவே இரண்டும் ஏறிய ரெக் 709 படத்தின் மேல் போட்டால் எல்லாம் இரட்டிப்பாகும். ரோஸ் எரிந்ததும் முகம் கறுத்ததும் அப்படித்தான். சினிமா லுக் வேண்டும் என்று ஆசையிருந்தால், ரெக் 709க்கு என்று எழுதியிருக்கும் ஒன்றை எல்லாத் திருத்தமும் முடிந்தபின் கடைசி நோடில் போட்டு, கீ அவுட்புட்டை (அந்த நோடு எவ்வளவு வலுவாகத் தெரியும் என்ற அளவை) 0.3, 0.4 அளவில் வையுங்கள்.

ஏற்றுமதி செய்ததை மேக்கில் குவிக்டைமில் திறந்தால் கொஞ்சம் வெளிறித் தெரியலாம். விஎல்சியில் வேறு மாதிரி தெரியலாம். அது பிளேயர் காமாவைப் படிக்கும் விதம். அதற்காகத் திரும்பக் கிரேடிங்கைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பப்போகிற பிரதியில் ரோஸின் அடர்த்தியை இன்னும் ஒரு பிடி குறைத்துத் தனியாக எடுங்கள். அது படத்தை நசுக்கும்போது முதலில் கெடுவது அந்தத் துணியின் விளிம்புதான். வீட்டு டிவியில் போட்டுப் பார்ப்பதற்குப் பெரிய பிரதியைப் பென்டிரைவில் கொடுத்துவிடுங்கள்.